சிட்னி – லாஸ் ஏஞ்சலஸ்: டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

கேள்வி: ஜூன் மாத டிக்கெட். சிட்னியில் காலை 10:00 புறப்பாடு, லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை 6:30 வருகை என்று போட்டிருக்கிறது. திரும்பும்போது இரவு 10:30 புறப்பாடு, காலை 6:30 வருகை, பக்கத்தில் +2. ஏதாவது தப்பா?

பதில்: தப்பே இல்லைங்க. டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழித்தால் கணக்கு உதைக்கும். முதலில் இரண்டையும் ஒரே ஊர் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஜூனில் சிட்னி 17 மணி நேரம் முன்னால் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் காலை 6:30 என்றால் சிட்னியில் அன்று இரவு 11:30. ஆகப் பயணம் 13½ மணி. திரும்பும்போது திங்கள் இரவு 10:30க்கு ஏறினால் 15 மணி நேரப் பயணம். இறங்குவது புதன் காலை, அதாவது கிளம்பிய தேதியிலிருந்து இரண்டு நாள் கழித்து; +2 என்பது அதுதான். நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் செவ்வாய்க்கிழமை காணாமல் போய்விடும். வேலையில் சேரும் நாள், வீட்டுச் சாவி வாங்கும் நாள் எல்லாவற்றையும் இறங்கும் தேதியை வைத்தே முடிவு செய்யுங்கள்.

17 என்பதும் ஆண்டு முழுக்க நிலையானதல்ல. இரண்டு ஊரும் வெவ்வேறு தேதியில் கடிகாரத்தை மாற்றுவதால் ஜனவரியில் 19, இடையில் சில வாரம் 18.

தூரம் ஒன்றுதான், ஏறத்தாழ 12,050 கி.மீ. அப்புறம் ஏன் ஒன்றரை மணி வித்தியாசம்? மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றுதான் காரணம். கிழக்கே போகும்போது தள்ளிவிடும், மேற்கே வரும்போது எதிர்க்கும். தோராயமாகத் தெரிந்தால் போதும் என்றால் கிலோமீட்டரை 850ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். இங்கே 14.7 மணி வரும், இரண்டு திசைக்கும் நடுவில்.

இணையத்தில் காட்டும் தூரம் உருண்டைமேல் அளந்த மிகக் குறுகிய வளைகோடு. விமானம் அதிலேயே போகும் என்று நம்பிவிடாதீர்கள். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு ஹெல்சிங்கி–டோக்கியோ ஒன்பதரை மணியிலிருந்து 13 மணி அளவுக்கு நீண்டது.

இன்னொருவர்: லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வேறு ஊருக்குத் தொடர்ந்து போவதானால் இதையும் பாருங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடிவரவுச் சோதனை. பெட்டியையும் பெரும்பாலும் அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். உள்நாட்டு விமானத்தில் ஏறும் முன் பாதுகாப்புச் சோதனையும் பெரும்பாலும் இன்னொரு தடவை. மூன்று மணிக்குக் குறைந்த இடைவெளியை எடுக்காதீர்கள். அதிலும் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று இருக்கை தரும் பொறுப்பு இரண்டாவது நிறுவனத்துக்குக் கிடையாது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் தேதியைப் பார்க்காமல், கடைசி வேளையிலிருந்து எத்தனை மணி ஆயிற்று என்று எண்ணுங்கள். இன்சுலின் என்றால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் நேர அட்டவணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும். சரக்கு அறையில் போகும் பெட்டியில் வேண்டாம்.