முரம்பா, சரளையா, கப்பியா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கும்பகோணம், செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை காலை ஒரு பயணக் கையேட்டைத் தமிழாக்கித் தந்தாக வேண்டும். ஒன்பது பக்கம் முடிந்துவிட்டது, மிச்சம் இருக்கிற மூன்று பக்கத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து உயிரை வாங்குகிறது. நெதர்லாந்தின் தெற்கே தொம்மல் என்று ஓர் ஆறு. பெல்ஜியத்தில் பேர் என்ற ஊர்ப் பக்கம் பிறந்து (ஊர் பேரே பேர்தான், நான் என்ன செய்ய), வடக்கே ஓடி ஐந்தோவன் நகரத்தைத் தாண்டிப் போகிறது. மலை கிலை ஒன்றும் கிடையாது, நம் ஊர் மாதிரித் தட்டைப் பூமி. ஆற்றை ஒட்டிக் காடு, அப்புறம் ஹீத் என்கிற குட்டைப் புதர் மூடிய மணல்வெளி, மறுபடியும் காடு. இதற்குள் கார் வராத, தார் போடாத வழிகளாகப் பார்த்து சைக்கிளில் போகிறார்கள். பெயர் கிராவல் சைக்கிளிங். எனக்கு மூன்று வேண்டும்: கிராவல் சைக்கிளுக்கு ஒரு சொல், ஹீத்துக்கு ஒரு சொல், கார் இல்லாத என்பதற்கு ஒரு நல்ல அடைமொழி. தயவுசெய்து வியாழன் இரவுக்குள்.

மன்னார்குடி, புதன் காலை

தம்பி, கையில் பரல் இருக்கும்போது ஏன் கிராவலைத் தேடி அலைகிறீர்கள்? பரல் என்றால் பருக்கைக்கல். பாலையில் நடக்கிறவன் காலை உறுத்துவது பரல், கண்ணகி சிலம்பை உடைத்தபோது தெறித்ததும் பரல். லகரம் வல்லினத்துக்கு முன் றகரமாகும், ஆகவே பரற்பாதை, பரற்பாதை மிதிவண்டி, பரற்பயணம். ஹீத் என்பது காடும் காடு சார்ந்த மேய்ச்சல் நிலமும் என்றால் அது முல்லை, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு கேள்விக்கு விடை சொல்லிவிட்டேன், மூன்றாவதை இளைஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மயிலாடுதுறை, புதன் காலை

ஐயாவுக்கு ஒரு திருத்தம். சிலப்பதிகாரத்தில் அந்த இடத்தில் பரல் என்ற சொல் இல்லை. பாண்டியன் முத்துடை அரி என்கிறான், கண்ணகி மணியுடை அரி என்கிறாள், உடைந்து தெறித்ததும் மணிதான். மாணிக்கப் பரல் என்பது நாம் பள்ளிக்கூடத்தில் கதையாகச் சொல்லிப் பழகியது. இது கல் விஷயத்தைப் பாதிக்காது, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முல்லை பற்றியும் ஒன்று. முல்லைக்குப் பெரும்பொழுதே கார், அதாவது மழைக்காலம். கும்பகோணம் கேட்பது கார் இல்லாத முல்லை. இப்படி ஒரு திணை மயக்கத்தைத் தொல்காப்பியரே யோசித்திருக்க மாட்டார். இதற்காகவே சொல்கிறேன், மகிழுந்து என்று எழுதுங்கள்.

வலங்கைமான், புதன் மதியம்

எல்லோருக்கும் வணக்கம், இந்தக் குழுவில் உண்மையிலேயே சைக்கிள் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். பரற்பயணம் என்று நோட்டீஸ் அடித்தால் பரலோகப் பயணம் என்றுதான் படிப்பார்கள், வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

அப்புறம் மகிழுந்து. அந்தப் பாதைகளில் லாரி, வேன், டிராக்டர் எதுவுமே போகாது என்பதுதான் அங்கே சுகம். மகிழுந்து இல்லாத என்றால் டிப்பர் லாரி வரும் என்று அர்த்தமாகிவிடும். வண்டி புகாத என்று போடலாமா என்று பார்த்தேன், மிதிவண்டியும் வண்டிதானே. மோட்டார் இல்லாத என்றால் நம் பக்கத்தில் போர்வெல் போடாத வயல் என்று நினைப்பார்கள்.

ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன், சொல் உருவாக்க உதவும். பந்தய சைக்கிளுக்கு டயர் அகலம் 25, 28 மில்லிமீட்டர் இருக்கும், காற்றைக் கல்லு மாதிரி அடைப்பார்கள். கிராவல் சைக்கிளுக்குக் கைப்பிடி அதே போல வளைந்திருக்கும், டயர் மட்டும் 35 முதல் 50 வரை, காற்றும் குறைவு, அதனால் குண்டுகுழியில் உடம்பு குலுங்காது. நம் பெரியப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிள் டயரைப் பாருங்கள், 28க்கு ஒன்றரை என்று எழுதியிருக்கும். ஒன்றரை அங்குலம் 38 மில்லிமீட்டர். நெல் மூட்டையைக் கேரியரில் கட்டி வாய்க்கால் கரையில் போன எல்லோரும் கிராவல் சைக்கிளிஸ்ட்தான். 2022இல் இத்தாலியில் இதற்கு உலகப் போட்டியே தொடங்கிவிட்டார்கள், நமக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

திருவாரூர், புதன் மாலை

பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் மதிப்பீடு எழுதினவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மண் வகைப்பாட்டுக்கான இந்தியத் தர அளவுப்படி 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கி 80 மில்லிமீட்டருக்குள் இருப்பது கிராவல், அதற்குக் கீழே மணல். தமிழில் சரளை. ஜல்லி வேறு, அது உடைத்த கல். கப்பி என்பது உடைத்த கல்லைப் பரப்பி மண்ணும் தண்ணீரும் விட்டு உருளை ஓட்டின ரோடு, தார் வருவதற்கு முன் இருந்த பெரிய ரோடெல்லாம் பெரும்பாலும் கப்பி ரோடுதான். லாரிக்காரரைக் கேட்டால் எதையும் சொல்ல மாட்டார், ஒரு லோடு கிராவல் என்பார்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால் இவ்வளவு பேசுகிற நம் யாருடைய ஊரிலும் கல்லே கிடையாது. தோண்டினால் வண்டல், இன்னும் தோண்டினால் மணல். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்து வந்தது. வல்லம் மேட்டுக்குப் போனால்தான் செம்புறாங்கல்லைக் கண்ணால் பார்க்கலாம்.

என் வாக்கு கப்பிக்கு. கப்பிப்பாதை சைக்கிள்.

மயிலாடுதுறை, புதன் இரவு

கப்பி பாடநூலில் கிணற்று உருளை. வீட்டில் மாவு சலித்தால் சல்லடையில் நிற்பது. கும்பகோணத்துக்காரர் கையெழுத்தில் ஒரு கால் சேர்ந்தால் காப்பிப்பாதை. வேண்டாம்.

சரளையிலும் எனக்கு ஐயம் உண்டு. சரளமாகப் பேசுகிறார் என்கிறோமே, அந்தச் சரளம் வடமொழி. சரளையும் அதன் உறவாக இருந்தால்?

மன்னார்குடி, புதன் இரவு

உறவாக இராது. சரளம் நேரானது, தடங்கல் இல்லாதது. சரளை முழுக்கத் தடங்கல். கால் வைத்தால் சரசரவென்று சரிகிறதே, சரி என்ற வினையிலிருந்து சரிவு, சரள், சரளை என்று வந்திருக்கலாம் என்பது என் கட்சி. சருகையும் இதோடு சேர்ப்பேன். யாரும் ஒப்ப வேண்டியதில்லை.

ஐந்தோவன், வியாழன் அதிகாலை (அங்கே நேற்று நள்ளிரவு)

பாபநாசத்துக்காரன், இப்போது நீங்கள் சொல்கிற தொம்மல் ஆற்றங்கரையில் குடியிருக்கிறேன், எனவே மெதுவாக உள்ளே வருகிறேன். முதலில், கிராவல் பாதை என்ற பெயரே பாதிப் பொய். இங்கே வழியெல்லாம் பெரும்பாலும் மணல், பைன் ஊசி, வேர், அங்கங்கே மட்டும் கல்தூள் போட்டு இறுக்கிய பாதை. மழை பெய்தால் சேறு. ஆகவே கல்லுக்கு என்ன பெயர் என்று நீங்கள் நடத்துகிற சண்டை பாதி வழியில் பொருந்தாது. தார் இல்லை என்பதுதான் இதன் இலக்கணம்.

இரண்டாவது ஹீத். ஆகஸ்டில் வந்து பாருங்கள், முழங்கால் உயரப் புதரில் கண்ணுக்கு எட்டின வரை ஊதாப் பூ. காட்டை அழித்து, ஆடு மேய்த்து மேய்த்து, சத்தில்லாத மணலில் உண்டான வெளி இது. தானாக விட்டால் பிர்ச்சும் பைனும் முளைத்துக் காடாகிவிடும். அந்தக் காலத்தில் இரவில் ஆட்டைக் கொட்டகையில் அடைத்து, புதரை வேரும் மண்ணுமாகச் செதுக்கி வந்து கீழே பரப்பி, சாணத்தோடு சேர்த்துக் கோதுமை மாதிரியான ரை வயலுக்கு உரமாகப் போட்டார்கள். ரசாயன உரம் வந்தபின் ஹீத்துக்கு வேலை இல்லாமல் போய், பெரும்பகுதியில் பைன் நட்டார்கள், சுரங்கத்துக்குத் தாங்குகட்டை வேண்டியிருந்தது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற இப்போது மறுபடியும் மந்தை விடுகிறார்கள். ஹீஸ ஊர்ப் பக்கத்து ஸ்திராபிரெக்ட் ஹீத்தில் ஆட்டு மந்தை குறுக்கே போனால் சைக்கிளை நிறுத்தி நிற்க வேண்டும், மந்தை மேய்க்கிற கீதாரி கையசைத்தபின் போகலாம்.

கையேட்டில் முடிச்சு எண் என்று ஏதாவது வந்திருக்கும். பாதைகள் கூடுகிற இடத்துக்கெல்லாம் எண் கொடுத்து, அந்த எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டால் வரைபடம் இல்லாமல் போகலாம் என்ற ஏற்பாடு. பெல்ஜியத்து சுரங்கப் பொறியாளர் ஹியூகோ பொல்லன் யோசித்தது, 1995இல் அங்கே லிம்பர்கில் தொடங்கியது. அதை முடிச்சு என்று பெயர்த்து மூன்று முடிச்சாக்கிவிடாதீர்கள், சந்தி எண் போதும்.

தஞ்சாவூர், வியாழன் காலை

பாபநாசத்துத் தம்பியின் மடல் படித்ததும் எனக்கு நம் கிடைதான் நினைவுக்கு வந்தது. சம்பா அறுப்பு முடிந்ததும் இராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தையோடு வந்து நம் வயலில் கிடை போடுகிறார்களே, அதே கணக்கு: ஆடு, புழுக்கை, வயல். நாம் ஆட்டை வயலுக்குக் கொண்டு போகிறோம், அவர்கள் புழுக்கையைக் கொண்டு போனார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஹீத்துக்கு முல்லை என்று போட்டால் படிக்கிறவர் மல்லிகை முல்லை என்று நினைத்துப் பூச்சரம் தேடுவார், நான் தாவரவியல் நடத்தினவள், இந்தக் குழப்பத்தோடு வருடக்கணக்காகப் போராடியிருக்கிறேன். மேய்ச்சல் புதர்வெளி என்று முதல் முறை எழுதிவிட்டு அப்புறம் புதர்வெளி என்றே கொண்டுபோங்கள். கோடியக்கரையில் வெளிமான் மேய்கிற வெளி கொஞ்சம் அந்தச் சாயல் என்று அடிக்குறிப்பு வேண்டுமானால் போடலாம், ஆனால் அது உப்புக்காற்று, இது குளிர்தேசம், அதிகம் இழுக்காதீர்கள்.

மன்னார்குடி, வியாழன் மதியம்

ஒரு மணி நேரமாக மனம் கேட்கவில்லை. பரலை விட்டுவிடுகிறேன், அதைவிட நல்லது கிடைத்துவிட்டது. குறுந்தொகை 400, பேயனார் பாட்டு, திணை முல்லையே. வினை முடிந்து வீடு திரும்பின தலைவன் தேரோட்டியைப் புகழ்கிறான். ‘முரம்புகண் உடைய ஏகிக் கரம்பைப் புதுவழிப் படுத்த மதியுடை வலவோய்’. முரம்பு என்றால் பருக்கைக்கல் மண்டிய மேட்டு நிலம். அது உடையும்படி தேரை விட்டு, பயிர் செய்யாத கரம்பில் புதுவழி போட்டுச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். பெருவழியை விட்டு விலகி, சரளையில், முல்லை நிலத்தில், சக்கரத்தில்! இதற்கு மேல் என்ன வேண்டும்? முரம்புவழி மிதிவண்டி. ஓட்டுகிறவர் முரம்பு வலவர்.

வலங்கைமான், வியாழன் மதியம்

ஐயா, பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது, நிஜமாகவே. ஆனால் வலவன் என்று தொடங்கினால் அடுத்த மடலில் வலவன் ஏவா வானவூர்தி வரும், சாயங்காலத்துக்குள் ட்ரோன் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

திருவாரூர், வியாழன் மாலை

வடக்கே ஒப்பந்தக்காரர்கள் செம்மண் சரளையை மூரம் என்பார்கள், தெலுங்கில் மொரம். ஐயாவின் முரம்பு அதற்கு உறவு போலத் தெரிகிறது. என்றால் செத்த சொல் இல்லை, நம் ஊரில் மட்டும் தூங்குகிறது. கப்பியை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் முரம்பை எதிர்க்கவும் மாட்டேன்.

மயிலாடுதுறை, வியாழன் மாலை

கரம்பை என்று மட்டும் எடுத்துவிடாதீர்கள், இங்கே கரம்பை மண் என்றால் ஏரியில் வெட்டின வண்டல், அதில் சைக்கிள் விட்டால் அச்சு வரை இறங்கிவிடும். முரம்புக்கு என் ஆதரவு உண்டு. தூய சொல், சங்கச் சான்று, ஒலியிலேயே கரடு இருக்கிறது. புரியவில்லை என்பவர் அகராதி பார்க்கட்டும். கணினி என்ற சொல்லையும் ஒரு காலத்தில் யாருக்கும் புரியவில்லைதான்.

தஞ்சாவூர், வியாழன் மாலை

கணினிக்கு அரசாங்கமும் பாடநூலும் பின்னால் நின்றன. இது ஒரு சுற்றுலாக் கையேடு, பஸ்ஸில் போகும்போது புரட்டிவிட்டு மடித்து வைப்பார்கள். அகராதியோடு யாரும் பஸ் ஏறுவதில்லை.

கும்பகோணம், வியாழன் இரவு 11.30

மடல் எல்லாம் இரண்டு முறை படித்தேன், தலை சுற்றுகிறது, பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். சரளைக்கு நாலு பேர் (அதில் இரண்டு பேர் எனக்குத் தனி மடலில், சண்டைக்குப் பயந்து), முரம்புக்கு இரண்டரை, திருவாரூர் ஐயாவை அரை என்று வைத்திருக்கிறேன், கப்பிக்கு அவரிடமே மிச்சம் அரை. அனுப்பப்போவது இது: முதல் பத்தியில் ‘தார் போடாத மண்ணும் சரளையுமான வழிகளில் சைக்கிள் பயணம்’ என்று விரித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் சரளைப் பயணம், சரளை சைக்கிள். ஹீத் என்று ஒரு முறை, பிறகு புதர்வெளி. சந்தி எண் அப்படியே. கார் இல்லாத என்பதற்கு அடைமொழியே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், ‘இந்த வழியில் கார், லாரி எதுவும் வராது’ என்று ஒரு வாக்கியமாக எழுதினால் எந்தப் பருவத்தோடும் குழம்பாது. மிதிவண்டி என்று தலைப்பில் மட்டும், உள்ளே சைக்கிள். மயிலாடுதுறை ஐயா திட்டலாம், காலையில் படித்துக்கொள்கிறேன்.

வலங்கைமான், வெள்ளி காலை

ஞாயிறு காலை ஐந்தரைக்கு நீலத்தநல்லூரில் கொள்ளிடக் கரையில் ஏறி அணைக்கரை வரை போகலாம் என்று இருக்கிறோம். 1836இல் காட்டன் துரை கட்டின அணையைப் பார்த்துவிட்டு அங்கேயே டீ. கறுப்பு சைக்கிளும் வரலாம், டயர் 38 இருந்தால் போதும். கரையில் கருவேல முள் கிடக்கிறது, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், பம்ப் இரண்டும் ஆளுக்கொன்று.

மன்னார்குடி, வெள்ளி மதியம்

வருகிறேன், என்னிடம் ஒன்றரை அங்குல டயர்தான் இருக்கிறது. கையேட்டில் சரளை என்றே போகட்டும். நான் எழுதுகிற இடத்தில் முரம்பு என்றுதான் எழுதுவேன்.