மறு: ஃபேஸ் அவுட், ஃபேஸ் டவுன் – 'படிப்படியாக' சரிதானா?

எல்லோருக்கும் வணக்கம். ஃபேஸ் அவுட் (phase out), ஃபேஸ் டவுன் (phase down) ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் எது என்ற பேச்சில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது.

> ஃபேஸ் அவுட் = படிப்படியாக ஒழித்தல், ஃபேஸ் டவுன் = படிப்படியாகக் குறைத்தல். இதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் 4ஆம் உறுப்பை (ஷரத்தை) மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் இடித்தது. பாதரசம் சேர்த்த பொருட்களின் பட்டியல் ஒன்று பின்னிணைப்பில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆண்டு. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி, ரத்த அழுத்தமானி, 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு) மேல் பாதரசம் உள்ள சிவப்பழகு கிரீம், இவற்றுக்கெல்லாம் 2020. அதற்குப் பிறகு தயாரிக்கக் கூடாது, இறக்குமதி கூடாது, ஏற்றுமதியும் கூடாது, அவ்வளவுதான். இதில் படி எங்கே? கடைசி நாள் வரை முழுவீச்சில் தயாரித்துவிட்டு மறுநாள் கதவைச் சாத்தினாலும் அந்த உறுப்பை மீறியதாகாது.

'ஒழித்தல்' என்பதும் கொஞ்சம் அதிகம். உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய வெப்பமானியை அந்த உறுப்பு தொடுவதில்லை, அது குப்பைக்குப் போகும்போது 11ஆம் உறுப்பு பார்த்துக்கொள்ளும். தவிர, சிறு அளவில் தங்கம் எடுப்பவர்களைப் பற்றிய 7ஆம் உறுப்பு, பாதரசத்தைக் குறையுங்கள், இயலுமிடத்தில் ஒழியுங்கள் என்கிறது. 'ஒழி'யை இங்கேயே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வோம்?

> படிவிலக்கு என்று சுருக்கலாமே?

சுருக்கமாக இருக்கிறது, சரி. ஆனால் விலக்கு இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் பேசுகிற சொல். மதுவிலக்கு என்றால் கூடாது, வரிவிலக்கு என்றால் உனக்கு மட்டும் பரவாயில்லை. இதே உடன்படிக்கையின் 6ஆம் உறுப்பில், நாடுகள் ஐந்தாண்டுக் கூடுதல் அவகாசம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது, அதற்கு 'விலக்கு' என்பதைத் தவிர நமக்கு வேறு சொல் இல்லை. அப்போது 'படிவிலக்கிலிருந்து விலக்கு' என்று எழுத வேண்டிவரும். படியொழிப்பு என்று எழுதினாலோ அரசு ஊழியர்கள் பஞ்சப்படிக்கு ஆபத்து என்று தெருவில் இறங்கிவிடுவார்கள்.

என் பரிந்துரை: ஃபேஸ் அவுட்டுக்கு 'கெடுநிறுத்தம்', அதற்கான தேதிக்கு 'நிறுத்தக்கெடு'. கெடு என்றதும் கெடுமதி நினைவு வருகிறது என்பவர்களுக்கு, கடன் கொடுத்தவர் கெடு வைத்தால் யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "பாதரசம் கொண்டு அசிட்டால்டிஹைடு தயாரிக்கும் முறைக்கு நிறுத்தக்கெடு 2018, குளோர்-ஆல்கலி ஆலைகளுக்கு 2025." உறுத்தவில்லை. (ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவைப் பாழாக்கியது அந்த அசிட்டால்டிஹைடு முறைதான். அங்கே அதை 1968லேயே நிறுத்திவிட்டார்கள், உலகம் கெடு வைக்க இன்னும் ஐம்பது ஆண்டு ஆனது.)

ஃபேஸ் டவுனுக்கு மட்டும் 'படிப்படிக் குறைப்பு' இருக்கட்டும், அங்கேதான் படி உண்மையில் இருக்கிறது. பல் அடைக்கும் இரசக்கலவையில் ஏறக்குறைய பாதி பாதரசம். 2013இல் ஏற்ற உடன்படிக்கை வாசகத்தில் அதற்கு ஆண்டே குறிக்கவில்லை. ஒன்பது நடவடிக்கைகளைச் சொல்லி இரண்டையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். பிறகு 2022இல் இந்தோனேசியாவின் பாலியில் நடந்த கூட்டத்தில், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கருவுற்ற, பாலூட்டும் பெண்களுக்கும் மருத்துவர் அவசியம் என்று கருதினாலொழிய அடைக்காதீர்கள் என்று ஒரு படி இறங்கினார்கள்.

எனக்கு இடறுவது வினைல் குளோரைடு (பிவிசி பிளாஸ்டிக்கின் மூலப்பொருள்) தயாரிப்பு. ஓர் அலகு உற்பத்திக்கு ஆகும் பாதரசத்தை 2010ஐ ஒப்பிட 2020க்குள் பாதியாக்க வேண்டும் என்பது நிபந்தனை. கெடு உண்டு, நிறுத்தம் இல்லை. 'கெடுக்குறைப்பு' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?