இரவு எட்டு மணிக்கு மேல் பட்டறைப் பொறுப்பாளர் அழைப்பை எடுக்காமல் இருக்கலாமா?

பூக்கல்:
ஆத்தங்குடியில் எங்கள் குடும்பத்தின் பூக்கல் (தரையில் பதிக்கும் பூவேலைக் கல்) பட்டறை அண்மையில் என் பொறுப்புக்கு வந்தது. கல் போடுபவர்கள், மேஸ்திரி, வண்டிக்காரர், வீடு கட்டுபவர்களின் கொத்தனார் என எல்லோரும் விடிவதற்கு முன்பும் படுக்கப்போகும் நேரத்திலும் என் கைப்பேசிக்கே அழைக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் அழைப்பை எடுப்பதில்லை என்றும், என் கைப்பணத்திலிருந்து இனிக் கைமாற்றுத் தருவதில்லை, முன்பணம் வேண்டுவோர் பட்டறைக் கணக்கில் எழுதிப் பெற்றுக்கொள்ளலாம் என்றும், சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது எல்லோரிடமும் நிதானமாகச் சொல்லிவிட நினைக்கிறேன். வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருக்கிறது. தொழில் நடத்தியவர்களும் ஆட்களை நிர்வகித்தவர்களும் தங்கள் கருத்தைக் காரணத்தோடு சொல்ல வேண்டுகிறேன்.

செஞ்சைவாசி:
ஆச்சி, தாங்கள் சொல்வது பெரிய நகரத்து நிறுவனங்களுக்குப் பொருந்தலாம்; நம் பக்கத்துப் பட்டறைக்குப் பொருந்தாது. இங்கே வேலைக்கு வருபவர் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வந்து நின்று கை கொடுக்கிறார். அப்போது அவர் மணி பார்ப்பதில்லை. நம் வீட்டுக் காரியங்களுக்கு அவருடைய நேரத்தை வரம்பின்றி எடுத்துக்கொண்டு, அவர் பிள்ளைக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்து காரைக்குடி அரசு மருத்துவமனைக்கு வண்டி வேண்டும் என்று அழைக்கும்போது மட்டும் கைப்பேசியை அணைத்து வைப்பது எப்படி நியாயமாகும்? எல்லை வகுத்துக்கொள்ளும் வசதி எப்போதும் மேலே இருப்பவருக்குத்தான் வாய்க்கிறது. கீழே இருப்பவர் அதையே சொன்னால் திமிர் என்போம்.

கல்லல் ஆசிரியர்:
ஐயா, மருத்துவ அவசரத்தை ஆச்சி மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதை விதிவிலக்காகச் சொல்லிவிட்டால் போதும். மற்ற அழைப்புகளைப் பாருங்கள். பூக்கல் தொழிலில் சூளை கிடையாது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்துச் சாயக்கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, இறுகிய பிறகு தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள்; இரவில் ஆள் விழித்திருந்து பார்க்க வேண்டிய கட்டம் அதில் ஒன்றும் இல்லை. ஆகவே இரவு ஒன்பது மணிக்கு வரும் அவசரம் பெரும்பாலும் தொழிலின் அவசரமன்று, பகலில் கேட்க மறந்தவரின் அவசரமே.

நான் தலைமையாசிரியர்கள் பலருக்குக் கீழே வேலை பார்த்தவன். தம் எல்லையைச் சொல்லாத தலைவருக்கும் எல்லை இருக்கத்தான் செய்கிறது. அவர் ஒரு நாள் கனிவாகப் பேசி, மறுநாள் அதே கேள்விக்கு எரிந்து விழும்போது அது வெளிப்படுகிறது. அவருடைய இன்றைய மனநிலை என்ன என்று ஊகிப்பதே கீழுள்ளவர்களின் முதல் வேலையாகிவிடும். சொல்லப்பட்ட எல்லை அவர்களை அந்தப் பயத்திலிருந்து விடுவிக்கிறது. இது நம் மண்ணுக்குப் புதியதும் அன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்தில், மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை வகுத்து, பொதுவாக 3 ஆண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு என்ற ஒப்பந்தம் எழுதியே ஆளை அனுப்பினார்கள். உறவுக்காரப் பையனாக இருந்தாலும் சீட்டு உண்டு.

செஞ்சைவாசி:
சம்பளச் சீட்டைத் தாங்கள் எடுத்தது எனக்கே சாதகமானது. அந்தச் சீட்டு போகிற ஆளைக் கட்டியதே ஒழிய, அனுப்பிய முதலாளி எப்போது கிடைப்பார், எப்போது கிடைக்கமாட்டார் என்று எழுதிவைக்கவில்லை. மேலும், புதுமனை புகுவிழாவுக்கு முகூர்த்தம் குறித்துவிட்ட வீட்டில் கல் குறைகிறது என்று கொத்தனார் இரவில் அழைத்தால், அது மறந்தவரின் அவசரமா? மறுநாள் காலை வரை அவரைக் காக்க வைத்தால் அடுத்த வாடிக்கையை அவர் வேறு பட்டறைக்கு அனுப்பிவிடுவார்.

கோட்டையூர் மேஸ்திரி:
நான் வேறொரு பட்டறையில் ஆட்களைப் பார்த்துக்கொள்பவன். முதலாளி அழைப்பை எடுக்காவிட்டால் அந்த அழைப்பு நின்றுபோவதில்லை, அது என்னிடம் வருகிறது. எங்கள் முதலாளி இப்படித்தான் ஒரு நாள் நிறுத்திக்கொண்டார். அதன்பின் கொத்தனாரின் கோபத்தையும் வண்டிக்காரரின் வாடகைச் சண்டையையும் நான் சுமந்தேன், ஆனால் ஒரு ரூபாய் கூட்டிச் சொல்லவோ ஒரு கல் அனுப்பவோ எனக்கு அதிகாரம் இல்லை. ஆச்சி தம் நேரத்தைக் காப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்தச் சுமை யார் தலைக்குப் போகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கல்லல் ஆசிரியர்:
மேஸ்திரி சொன்னதை நான் யோசிக்காமல் விட்டிருந்தேன். பிரான்சில் 2017 ஜனவரியிலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலும் வேலை நேரத்துக்குப் புறம்பான தொடர்பு பற்றி நடைமுறைக்கு வந்த சட்டங்கள் ஊழியரைத்தான் காக்கின்றன. ஆஸ்திரேலியாவில், மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை ஊழியர் பதில் சொல்லாமல் இருக்கலாம். ஆகவே பொறுப்பாளர் தமக்கு வகுப்பதை மேஸ்திரிக்கும் தர வேண்டும். ஆச்சிக்கு இன்னொன்றும் சொல்வேன்: சொல்லும்போது உடல்நிலை, பிள்ளைகளின் படிப்பு என்று காரணங்களை அடுக்க வேண்டாம். காரணம் கூடக்கூட ஒவ்வொன்றையும் தாண்டும் வழி தேடிப் பேரம் பேசுவார்கள். ஏற்பாட்டை மட்டும் சொல்லுங்கள், பிறகு யார் மீறி அழைத்தாலும் கோபப்படாமல் மறுநாள் காலையில் அழைத்துப் பேசுங்கள்.

பூக்கல்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இப்படிச் சொல்லப் போகிறேன்: "இரவு எட்டு மணி முதல் காலை ஏழு மணி வரை நானும் மேஸ்திரியும் தொழில் அழைப்பை எடுக்கமாட்டோம். நோய், விபத்து, சாவு என்றால் எந்த நேரமும் வீட்டு எண்ணுக்கு அழையுங்கள், வண்டி வரும். முகூர்த்தம் குறித்த வீடுகளுக்குக் கல் எண்ணிக்கையை முதல் நாள் மாலை ஐந்து மணிக்கே மேஸ்திரி கேட்டுவிடுவார். குறைந்தால் இருப்பிலிருந்து என்னைக் கேட்காமலே அனுப்பலாம்." எங்கள் வீட்டுக் கல்யாண வேலைக்கு வருபவர்களுக்கு இனி அன்றைய கூலி உண்டு என்பதையும் சேர்க்கிறேன், செஞ்சைவாசி ஐயா சுட்டிய அநியாயம் உண்மை.

செஞ்சைவாசி:
கூலி தருவதாகச் சொன்னது சரி. கைமாற்றில் நான் மாறவில்லை, ஆச்சி. கணக்கில் எழுதி வாங்க வெட்கப்பட்டு, வட்டிக்குக் கடன் வாங்கப் போகிறவர் நம் ஊரில் உண்டு.

பூக்கல்:
அந்த வெட்கம் எனக்கும் தெரியும், ஐயா. ஆகவே கணக்கை மேஸ்திரியிடம் விடாமல் நானே தனியாக எழுதுவேன், வட்டி கிடையாது, யாருக்கு எவ்வளவு என்று வெளியே போகாது. ஆனால் என் கைப்பணம் தருவதில்லை என்பதில் மாற்றமில்லை.