2.1 டன் கார்பன் கக்கும் எஃகுக்குப் பசுமை நட்சத்திரமா?

நிலவரசன்:
மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட பசுமை எஃகு வகைப்பாட்டைப் படித்துவிட்டுக் கோபம்தான் வந்தது. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழே கார்பன் டை ஆக்சைடு (சுருக்கமாகக் கார்பன்) வெளியேறினால் போதும், அது பசுமை எஃகு. 1.6க்குக் கீழே ஐந்து நட்சத்திரம், 2.0 வரை நான்கு, 2.2 வரை மூன்று. உலக சராசரியே சுமார் 1.9 டன்தான். அதைவிட அதிகம் கக்கும் ஆலைக்கும் நட்சத்திரம் என்றால், சூழலுக்கு உகந்த தொழிலுக்கான பசுமைக் கடன் என்று ஒதுக்கும் பணம் பழைய நிலக்கரி உலைகளுக்கே போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியமும் 2022இல் எரிவாயுவையும் அணுமின்சாரத்தையும் தன் பசுமை முதலீட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதை எதிர்த்து ஆஸ்திரியா தொடுத்த வழக்கு 2025 செப்டம்பரில் தள்ளுபடியானது. உள்ளே விட்டதை வெளியே அனுப்புவது அவ்வளவு கடினம்.

உலைக்களம்:
நிலவரசன் சார், இண்டக்‌ஷன் ஃபர்னஸ் (மின்சாரத்தில் இரும்பை உருக்கும் உலை) ஓடுகிற யூனிட்டில் வேலை செய்கிறேன். உலக சராசரியோடு எங்களை ஒப்பிடுவது நியாயமில்லை. அமெரிக்காவில் எஃகில் பெரும்பங்கு ஸ்க்ராப்பை, அதாவது பழைய இரும்பை, உருக்கித்தான் வருகிறது. அங்கே நூறு வருஷமாகக் கட்டியதும் ஓட்டியதும் இப்போது பழைய இரும்பாகத் திரும்புகிறது. இங்கே பாலமும் கட்டடமும் இப்போதுதான் எழும்புகின்றன. அந்த இரும்பு ஒரு தலைமுறை கழித்துத்தான் கைக்கு வரும். அதுவரை தாதுதான். மலிவான எரிவாயு இல்லாததால் ராய்ப்பூர், பெல்லாரி பக்கமெல்லாம் ஸ்பாஞ்ச் அயர்னை (தாதுவை உருக்காமலே எடுக்கும் இரும்பு) நிலக்கரி போட்டு எடுக்கிறார்கள். நாட்டின் சராசரி 2.5 டன்னை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து 2.2க்கு இறங்கவே வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்தும் வேஸ்ட் ஹீட் பாய்லர், சூரிய மின்சாரம் என்று பெரிய முதல் போட வேண்டும். எடுத்த எடுப்பில் 1.2 என்று வைத்தால் ஒருத்தரும் முயற்சியே செய்ய மாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரம்பை மறுபரிசீலனை செய்வதாகவும் அதே ஆவணத்தில் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கடன்பிரிவு:
வங்கியில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பசுமை முத்திரையால் வட்டி பெரிதாகக் குறையும் என்று இரண்டு பேரும் நம்புகிறீர்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு முதன்முதலாகப் பசுமைப் பத்திரம் (பசுமைத் திட்டங்களுக்காகக் கடன் திரட்டும் பத்திரம்) ஏலம் விட்டபோது கிடைத்த வட்டிச் சலுகை 5, 6 அடிப்படைப் புள்ளிதான், அதாவது 0.06 சதவீதம். 10 கோடி கடனுக்கு வருஷம் 60,000 ரூபாய். உமிழ்வை அளந்து தணிக்கை செய்து சான்று வாங்குகிற செலவுக்கு அது பத்துமா? அரசு டெண்டரில் இவ்வளவு பங்கு பசுமை எஃகு என்று கட்டாயமாக்கினால்தான் ஆலைகள் நகரும்.

பொருநைக்கரை:
சுரங்கத்திலிருந்து தாது தோண்டி ஏற்றி வரும்போது வெளியேறும் கார்பன் அந்தக் கணக்கிலேயே இல்லை. இதை யாரும் பேசவில்லையே?

உலைக்களம்:
அது குறைதான், ஒத்துக்கொள்கிறேன் பொருநை. ஆனால் எங்கள் கையில் இல்லாத கிரிட் (பொது மின்கட்டமைப்பு) மின்சாரத்தின் கார்பன் எங்கள் தலையில் ஏறுகிறது.

நிலவரசன்:
மறுபரிசீலனை இருக்கிறது. எவ்வளவு இறக்குவார்கள் என்ற எண் எங்கே? நிதி அமைச்சகம் 2025 மே மாதம் வெளியிட்ட காலநிலை நிதி வகைப்பாட்டு வரைவைப் பாருங்கள். காலநிலைக்கு நேரடியாக உதவும் தொழில் ஒரு பிரிவு, மாறிக்கொண்டிருக்கும் தொழில் இன்னொரு பிரிவு. உடனே உமிழ்வைக் குறைக்க முடியாத எஃகும் சிமெண்டும் இருக்க வேண்டிய இடம் இரண்டாவது. சிங்கப்பூர் 2023 டிசம்பரில் இன்னும் தெளிவாகச் செய்தது. பச்சைக்கு அடுத்து மஞ்சள், மஞ்சளுக்கு முடிவுத் தேதி. 2.1 டன் எஃகுக்கு மஞ்சள் கொடுங்கள், தேதி எழுதுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடன்பிரிவு:
2026 ஜனவரி முதல் ஐரோப்பா எல்லையில் கார்பன் கட்டணம் அமலுக்கு வந்துவிட்டது. அங்கே நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை, டன் கணக்குத்தான். ஏற்றுமதி செய்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

உலைக்களம்:
நாங்கள் போடுகிற பில்லெட் (வார்த்த எஃகுக் கட்டை) உள்ளூர் கம்பிக்குத்தான் போகிறது. சார், எந்தத் தேதி? 2030 என்றால் முடியாது. போன வருஷம் கிளின் (ஸ்பாஞ்ச் அயர்ன் எடுக்கும் சூளை) போட்டவனுக்குக் கடன் தவணையே அதற்குள் முடியாது.

நிலவரசன்:
அப்படியானால் நிலக்கரியில் ஓடும் புதுக் கிளினுக்குப் பசுமைக் கடனே கூடாது, இருப்பதைச் சீர்படுத்த மட்டும்தான் என்று விதியில் எழுதலாமா?

உலைக்களம்:
அதற்குச் சம்மதம். தேதிக்குச் சம்மதமில்லை.