கம்பளத்தின் முதுகில் பூசணம்: எப்படி எடுப்பது?

கேள்வி:
கையால் முடிச்சுப் போட்ட கம்பளி விரிப்பு, பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் அடிப்படை நூல்) பருத்தி. தரையில் நேரடியாக விரித்திருக்கிறது. ஒரு மூலையில் அடிப்பக்கம் சாம்பல் நிறப் புள்ளிகள், பூசண வாடை. மேலே ஒன்றும் தெரியவில்லை. பிளீச் தடவலாமா? பெட்டியில் உள்ள பட்டுத் துணிகளுக்கும் பரவுமா?

பதில் 1:
பிளீச் வேண்டவே வேண்டாம். குளோரின் பிளீச் கம்பளியையும் பட்டையும் அரிச்சுக் கரைச்சிடும்.
முதல்ல காய வைங்க. ஈரத்தோட தேய்ச்சா பூசணம் நூலுக்குள்ள அப்பிக்கும். வெளியில காத்தோட்டமான இடத்துல, அடிப்பக்கம் மேல தெரியற மாதிரி போடுங்க. வெயில் ரொம்ப நேரம் பட்டா சாயம் வெளுக்கும். புள்ளி உலர்ந்து பொடியானதும் மெல்லிய பிரஷ்ஷால தட்டி, ஹெப்பா ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய தூசியையும் பிடிக்கிற வடிகட்டி) உள்ள வேக்குவம் கிளீனரால உறிஞ்சுங்க. ஃபில்டர் சரியில்லாத வேக்குவம் ஸ்போர்களை (பூசணத்தோட நுண்ணிய வித்துகளை) அறை முழுக்க ஊதிவிடும். என்95 மாஸ்க் அவசியம். இதுக்கப்புறமும் கறை நிக்கலாம். அது பூசணம் விட்டுப்போன நிறம்.

பதில் 2:
சுத்தம் செஞ்சு அதே இடத்துல விரிச்சா திரும்ப வரும். ஸ்போர் காத்துல எப்பவும் இருக்கு, அதை ஒழிக்க முடியாது. ஈரத்தைத்தான் குறைக்கணும். ஈரப்பதம் 65–70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில நின்னா பூசணம் பிடிக்கும். தரை குளிர்ந்திருந்தா அறையில 60 காட்டும்போதே விரிப்புக்கு அடியில கூடுதலா இருக்கும். அதனால ஈரப்பதமானியை விரிப்புக்கு அடியில வெச்சுப் பாருங்க. மீட்டர் சரியான்னு தெரிய, சாப்பாட்டு உப்பைச் சில சொட்டுத் தண்ணியில சேறு மாதிரி குழைச்சு, மீட்டரோட மூடின டப்பாவில 8 மணி நேரம் வைங்க. 75 காட்டணும்.
அந்த மூலையில பூந்தொட்டி இருந்ததா, சுவர்ல ஓதம் ஏறுதான்னும் பாருங்க.

பதில் 3:
பட்டுக்கு: ஈரமில்லாத பெட்டிக்குத் தானா பரவாது. ஆனாலும் பூசணம் பிடிச்சதைப் பக்கத்துல வைக்காதீங்க. கஞ்சி போட்ட துணியை அலசிட்டு வைங்க, மாவுச்சத்து பூசணத்துக்குத் தீனி. பிளாஸ்டிக் உறைக்குப் பதில் துவைச்ச பருத்தித் துணி. நாப்தலின் உருண்டையும் வேப்பிலையும் பூச்சிக்குத்தான், பூசணத்தைத் தடுக்காது. சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சுற மணிகள்) இறுக மூடின பெட்டியில மட்டும்தான் பயன் தரும். நிறம் மாறுற வகைன்னா, மாறினதும் மாத்தணும்.

கேள்வி கேட்டவர்:
உலர்ந்த பிறகு விரிப்பைத் தண்ணீரில் அலசலாமா?

பதில் 1:
முதல்ல அந்த மூலையைக் காது பக்கம் வெச்சு மெதுவா மடக்குங்க. நொறுங்குற சத்தம் கேட்டா பாவு நூல் இத்துப்போச்சு. அப்படின்னா அலசாதீங்க, கிழிஞ்சிடும். சத்தம் இல்லைன்னா ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்து மேலயும் அழுத்திப் பாருங்க. சாயம் ஒட்டலைன்னா மட்டும் அலசுங்க. ஒரு நாளுக்குள்ள காயணும், அதனால ஃபேன் ரெண்டு பக்கமும் ஓடட்டும்.