1348 கொள்ளைநோய்: மூடநம்பிக்கை மட்டும்தான் காரணமா?

செங்கதிர்:
1347 அக்டோபரில் ஜெனோவாக் கப்பல்களோடு மெசினா துறைமுகத்தில் பிளேக் இறங்கியது. நான்கைந்து ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூன்றில் ஒருவராவது செத்திருப்பார்கள் என்கிறார்கள். அப்போது அங்கே அறிவாளிகள் என்ன செய்தார்கள்? பிரெஞ்சு அரசர் காரணம் கேட்டார். 1345 மார்ச்சில் சனி, வியாழன், செவ்வாய் மூன்றும் கும்பராசியில் கூடியதால் வந்த வினை என்று பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பாமரர்கள் தங்களைத் தாங்களே சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அந்தக் காலம் முழுக்க இருட்டு, அவ்வளவுதான்.

வைகைக்கரை:
இல்லை செங்கதிர், பாதியைச் சொல்கிறீர்கள். அதே பாரிஸ் அறிக்கை, கிரகச் சேர்க்கையால் பூமியிலிருந்து கெட்ட ஆவி கிளம்பிக் காற்று கெட்டது, அதைச் சுவாசித்தவர்கள் விழுந்தார்கள் என்று படிப்படியாக விளக்குகிறது. தவறான விளக்கம்தான். ஆனால் அன்றைய அறிவியல் அது. கிருமியை யெர்சின் கண்டுபிடித்தது 1894இல். தெள்ளுப்பூச்சிதான் பரப்புகிறது என்று சிமோன் கராச்சியில் காட்டியது 1898இல். 550 ஆண்டுக்கு முந்தையவர்களிடம் அதைக் கேட்பது நியாயமா?

அப்புறம், இத்தாலியில் பிஸ்தோயா என்ற சிறு நகரம். 1348 மே மாதமே சட்டம் போட்டது: பீசா, லூக்கா பக்கம் போனவர் ஊருக்குள் வரக்கூடாது, பழந்துணி கொண்டுவரக்கூடாது, பிணக்குழியை இன்ன ஆழத்துக்குத் தோண்ட வேண்டும், நோயாளிகள் பயப்படாமல் இருக்கச் சாவு மணி அடிக்கக்கூடாது. தெள்ளுப்பூச்சி துணியிலும் ஒளிந்து வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பழந்துணியைத் தடுத்தார்கள் பாருங்கள்!

அன்று போப் தங்கியிருந்த அவிஞோன் நகரில் அவருடைய மருத்துவர் கி தெ ஷோலியாக்கைச் சொல்லாமல் விட முடியாது. ஓடிப்போனால் அவப்பெயர் வரும் என்று அஞ்சி ஊரிலேயே இருந்தார். அவருக்கே நெறிகட்டி, பிழைத்தும் எழுந்தார். இரத்தம் துப்பிச் சாகும் வகை வேறு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி வரும் வகை வேறு என்று பிரித்து எழுதி வைத்தார். இருட்டில் இருந்தவர் எழுதியதா இது?

செங்கதிர்:
பிஸ்தோயாவின் சட்டம் பிஸ்தோயாவைக் காப்பாற்றவில்லையே. வெளியூர்க்காரரை முப்பது நாள் தனியே வைக்கும் சட்டம் ரகூசா (இன்றைய துப்ரோவ்னிக்) துறைமுகத்தில் வந்தது 1377இல், முதல் அலை முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து. சரி, அதை விடுங்கள். கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று யூதர்களை உயிரோடு எரித்தார்களே, அது மூடநம்பிக்கை இல்லாமல் வேறென்ன?

தேன்மொழி:
இங்கேதான் உங்கள் இருவரோடும் நான் முரண்படுகிறேன். அதை மூடநம்பிக்கை என்றால் செய்தவர்களுக்குப் பாதிப் பழி குறைந்துவிடுகிறது. 1348 செப்டம்பரில் ஜெனீவா ஏரிக்கரையில் சில்லோன் கோட்டையில் யூதர்களைச் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்களைத்தான் நகரங்கள் கைமாற்றிக்கொண்டன. அதே மாதம் போப் ஆறாம் கிளமெண்ட் ஆணையில் தெளிவாகச் சொன்னார்: யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத ஊர்களிலும் நோய் பரவுகிறது. உண்மை யாருக்கும் எட்டாத தூரத்தில் இல்லை.

ஸ்ட்ராஸ்பர்கில் யூதர்களைக் காத்த நகர மன்றத்தைக் கவிழ்த்தார்கள். சில நாளில், 1349 பிப்ரவரி 14 அன்று எரித்தார்கள். அப்போது பிளேக் அந்த ஊருக்கு வந்து சேரவே இல்லை! யூதர்களுக்குத் தர வேண்டிய கடன்கள் ரத்தாயின, அடகுப் பொருள்கள் திரும்பின.

செங்கதிர்:
கடன்பட்டவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். ஆனால் கூட்டத்தில் நின்ற கைவினைஞர்கள் விஷக் கதையை நம்பித்தானே வந்தார்கள்? நம்ப ஆளில்லாமல் அந்தப் பொய் எப்படி ஓடும்?

தேன்மொழி:
நம்பியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. நியூரம்பர்கைப் பாருங்கள். 1349 நவம்பரில் ஜெர்மானிய அரசர் நான்காம் கார்ல், யூதர் வீடுகளை இடித்துச் சந்தைத் திடல் அமைக்க நகரத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார். யூதர்களின் ஜெப ஆலயம் இருந்த இடத்தில் தேவாலயம் கட்டவும் ஆணை இருந்தது. படுகொலை நடந்தது டிசம்பர் 5. பத்திரம் முதலில், பிணங்கள் பிறகு. இதை எழுதியவர்கள் எந்தக் கிணற்றுக்குப் பயந்தார்கள் என்று சொல்லுங்கள்.