தண்ணீரால் காற்றை வடிகட்ட முடியுமா? எர்ணாவூரில் செய்த ஒரு கேன்

எர்ணாவூரான் | சனி இரவு 9.10

ஒன்றரை வருடமாக ஒரு கருவி செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, மேல் கேன் முழுக்கப் பிளாஸ்டிக் பாட்டில் மூடிகளை நிரப்பியிருக்கிறேன். ஏர்கூலர் மோட்டார் ஒன்று கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றி மூடிகள் மேல் மழை மாதிரி கொட்டும். கீழிருந்து ஒரு ப்ளோயர் அறைக் காற்றை மேல்நோக்கித் தள்ளும். நனைந்த மூடிகளுக்கு இடையே நுழைந்து வரும் காற்று தூசியை விட்டுவிட்டு வெளியே வருகிறது. மாற்ற வேண்டிய பில்டர் எதுவும் இல்லை.

எதற்கு இது? அம்மாவுக்கு வீசிங். கடையில் ஒரு ஏர் பியூரிபையர் வாங்கினோம். ஆறு மாதம் வரும் என்று சொன்ன பில்டர் மூன்றாவது மாதமே கறுத்து அடைத்துவிட்டது. புது பில்டர் விலையைக் கேட்டதும் அப்பா சுவிட்சை அணைத்து ஓரமாக வைத்துவிட்டார். அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் சேர்ந்து வரும் எங்கள் வடசென்னை ஊரில் காகித பில்டர் தாங்காது. ஏழை வீட்டுக்குத் தண்ணீர்தான் பில்டராக இருக்க முடியும் என்பது என் கட்சி.

ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கீழ்க் கேனைக் கவிழ்த்தேன். விரலில் தொட்டால் மை மாதிரி ஒட்டும் கறுப்புச் சேறு, அடியில் ஒரு விரற்கடை. நெத்திலி வறுத்த பிறகு ஓட்டிப் பார்த்ததில், சென்சாரில் பிஎம் 2.5 என்ற நுண்தூசி அளவு இரண்டு மணி நேரத்தில் பாதிக்கும் கீழே வந்தது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

மணலி ஷிப்ட் | 9.45

தம்பி, மணலியில் இருபது வருடமாக, ஆலைப் புகையைத் தண்ணீரால் கழுவும் ஸ்க்ரப்பர் பக்கத்தில்தான் என் வேலை. நீங்கள் செய்திருப்பது ஒரு சின்னப் பேக்டு டவர், அதாவது நிரப்பிய துண்டுகள் மேல் தண்ணீர் வழியும் கோபுரம். கட்டியவிதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது நீங்கள் நினைக்கும் வேலையைச் செய்யவில்லை.

தண்ணீர் பிடிக்க வேண்டுமென்றால் தூசி முதலில் தண்ணீரைத் தொட வேண்டும். பெரிய துகளுக்குக் கனம் உண்டு. காற்று வளையும்போது அது வளையாமல் நேரே போய் ஈர மூடியில் மோதும். அதுதான் உங்கள் சேறு. வாயு மூலக்கூறு மிகச் சிறியது, தாறுமாறாக அலையும், அலைந்து தொட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில், சுமார் 0.1 முதல் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை உள்ள துகள்தான் சிக்கல். மோதும் அளவுக்குக் கனம் இல்லை, அலையும் அளவுக்குச் சின்னதும் இல்லை. மழைகூட அந்த அளவுத் துகளைத்தான் மிகக் குறைவாகக் கழுவுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடிக்கு மூடி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்று வைப்போம். ஒரு வினாடியில் அம்மோனியா மூலக்கூறு ஆறேழு மில்லிமீட்டர் நகரும், அதாவது சுவரை எட்டிவிடும். அதே ஒரு வினாடியில் 0.3 மைக்ரான் துகள் நகருவது 0.02 மில்லிமீட்டர்கூட இல்லை. மூடிகளுக்கு நடுவே நுழைந்து நனையாமலே வெளியே போய்விடும். நுரையீரலின் அடிவரை இறங்குவதும் அந்த அளவுத் துகள்தான்.

பட்டறைக்காரர் | 10.05

மணலி சாருக்கு மரியாதை உண்டு, ஆனால் இப்படித் தட்டிவிடக் கூடாது. அம்பத்தூரில் எங்கள் பெயின்ட் பூத்தில் பின்சுவர் முழுக்கத் தண்ணீர்த் திரைதான். ஸ்ப்ரே அடிக்கும்போது பறக்கும் பெயின்டை அது வாங்கிக்கொள்ளவில்லை என்றால் நாங்கள் யாரும் உயிரோடு இருக்க மாட்டோம். பழைய அம்பாசடரிலும் டிராக்டரிலும் ஏர் கிளீனரில் எண்ணெய்தான் இருந்தது, காகிதம் இல்லை. அறுவடைப் புழுதிக்குள் அந்த எஞ்சின்கள் வருடக்கணக்கில் ஓடின. பசங்க ஒன்றைச் செய்து கொண்டுவந்தால் முதல் வார்த்தையே ‘முடியாது’ என்றுதான் வர வேண்டுமா?

மணலி ஷிப்ட் | 10.20

அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டும் என் பக்கத்துக்குத்தான் சாட்சி. பெயின்ட் சிதறல் பல மைக்ரான் பெரிது. வயல் புழுதியும் அப்படித்தான். எஞ்சின் சிலிண்டரைத் தேய்ப்பது பெரிய புழுதி, அதை எண்ணெய் பிடித்தால் போதும். வண்டியின் சிலிண்டருக்குப் போதுமானது வீசிங் உள்ள அம்மாவுக்குப் போதாது.

தண்ணீரால் நுண்துகளைப் பிடிக்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. குறுகிய கழுத்து வழியே காற்றைப் பாய்ச்சித் தண்ணீரோடு மோதவிடும் வெஞ்சுரி ஸ்க்ரப்பர் பிடிக்கும். ஆனால் அதன் கழுத்தில் காற்று வினாடிக்கு 60 முதல் 120 மீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்துக்கு வேண்டிய ப்ளோயரை வீட்டில் வைத்தால் யாரும் தூங்க முடியாது, கரன்ட் பில்லும் தாங்காது.

நெத்திலி கதையையும் சொல்லிவிடுகிறேன். கருவியே இல்லாமல் வறுத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தீர்களா? புகை ஜன்னல் வழியே போகும், சுவரில் படியும். எண் தானாகவே இறங்கும்.

எர்ணாவூரான் | 10.32

பார்க்கவில்லை சார். அது என் தவறுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததே, அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கண் எரிய எரியத் தெருவில் ஓடினோம். மூக்கில் கட்டியது ஈரத்துணிதான். அதுதான் காப்பாற்றியது. அதைப் பார்த்த பிறகுதான் இந்த எண்ணமே எனக்கு வந்தது. கடை பியூரிபையரில் இருக்கும் ஹெப்பா பில்டர் அன்றைக்கு என்ன செய்திருக்கும்?

மணலி ஷிப்ட் | 10.41

ஒன்றும் செய்திருக்காது. ஹெப்பா 0.3 மைக்ரான் துகளை 99.97 சதவீதம் பிடிக்கும், ஆனால் வாயு அதன் வழியே நேராகப் போய்விடும். தண்ணீரோ, 20 டிகிரியில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 700 லிட்டர் அம்மோனியாவைக் குடிக்கும். கந்தக டை ஆக்சைடும் நன்றாகவே கரையும். கார்பன் மோனாக்சைடு கரையாது, நைட்ரஜன் ஆக்சைடுகள் பெரும்பாலும் நழுவிவிடும். உங்கள் கேன் உண்மையில் ஒரு வாயு ஸ்க்ரப்பர். அந்தப் பெயரில் அதைக் கொண்டுவந்தால் நான் முழுக்க உங்கள் பக்கம். பிஎம் 2.5 பில்டர் என்று சொன்னால் எதிர்ப்பேன், ஏனென்றால் அதை நம்பி யாராவது பக்கத்தில் படுப்பார்கள்.

வெறும் தண்ணீர் வைக்காதீர்கள். வெளியே காற்று சுத்தமானதும் கரைந்த அம்மோனியா திரும்பி வரும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கொஞ்சம் போட்டால் அம்மோனியா உப்பாக மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

வார்டு சிஸ்டர் | 10.58

எனக்குப் பயம் வேறு. அந்தத் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது?

1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் கூடியவர்களுக்கு நிமோனியா வந்து பலர் இறந்தார்கள். அதற்குக் காரணமான கிருமிதான் லெஜியோனெல்லா. வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்து, தெறிக்கும் சின்னத் துளி வழியாக நுரையீரலுக்குள் போகும். சென்னையில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் வருடம் முழுக்க அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அதைச் சேற்றோடு ஒரு வாரம் சுற்றவிட்டு, ப்ளோயரால் அம்மாவின் முகத்துக்கு ஊதுகிறீர்கள். மோட்டாரை நிறுத்தி நாலு நாள் மறந்தால் கொசுப்புழு வேறு.

ப்ளீச்சிங் பவுடர் போடலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்கிறேன்: அம்மோனியா கரைந்த தண்ணீரில் ப்ளீச்சிங் போட்டால் குளோரமைன் வாயு வரும். ஆஸ்துமாக்காரருக்கு அது விஷம். எலுமிச்சை உப்பு போட்ட தண்ணீரிலும் போடக் கூடாது, குளோரின் வாயுவே கிளம்பும்.

ஹூக்கா பிடித்துவிட்டு வரும் பையன்கள் எங்களிடம், ‘புகை தண்ணீர் வழியாகத்தானே வருகிறது சிஸ்டர், ஒன்றும் பண்ணாது’ என்பார்கள். தண்ணீர் அந்தப் புகையைக் குளிர்விக்கிறது, சுத்தம் செய்யவில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் அந்த முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

ஈரக்காற்று | 11.15

கிண்டியில் படிக்கிறேன். மணலி சாரின் கணக்கு சரி, முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. துகள் சின்னது என்பதுதானே பிரச்சினை? அதைப் பெரிதாக்கலாம். காற்று தாங்கும் அளவுக்கு மேல் ஆவி இருந்தால், நுண்துகளைக் கருவாக வைத்து அதன் மேல் தண்ணீர் படியும். 0.1 மைக்ரான் துகளும் சில மைக்ரான் துளியாக வளர்ந்துவிடும். அப்புறம் எர்ணாவூர் அண்ணாவின் மூடிகளே அதைப் பிடித்துவிடும். காற்றிலுள்ள நுண்துகளை எண்ணும் சில ஆய்வுக் கருவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சூடான ஈரக்காற்றைக் குளிர்ந்த சுவரில் விட்டால் ஆவி சுவரிலேயே படிந்துவிடும், ஏனென்றால் நீராவி வெப்பத்தைவிட வேகமாகப் பரவும். தலைகீழாகச் செய்ய வேண்டும்: குளிர்ந்த காற்றைச் சூடான ஈரச்சுவர்களுக்கு நடுவே விட வேண்டும். ஏசி அறையில் குளிர்ந்த காற்று இருக்கிறது, வெளி யூனிட்டில் வீணாகும் சூடு இருக்கிறது, ஏசியே சொட்டும் தண்ணீரும் இருக்கிறது. அதில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) ஏறக்குறைய இல்லை.

மணலி ஷிப்ட் | 11.31

யோசனை நல்லது. அளவைப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம், 28 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை சுத்தம் செய்ய வினாடிக்கு 39 லிட்டர் காற்று ஓட வேண்டும். ஆய்வுக் கருவி கையாளுவது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர். தவிர, நீங்கள் ஏற்றும் ஆவியை அதே ஏசி மறுபடி இறக்க வேண்டும். ஏசி இருக்கும் வீட்டில் பில்டர் வாங்கவும் காசு இருக்கும். எர்ணாவூர் தம்பியின் கேள்வி அதுவல்ல.

ஈரக்காற்று | 11.38

கடைசி வரிக்குப் பதில் இல்லை சார். ஆனால் காற்றின் அளவுக்காக இதைக் கைவிட மாட்டேன். ஒரு குழாய்க்குப் பதில் நூறு குழாய் வைக்கலாம்.

உப்பு விஷயமும் ஒன்று. போர் தண்ணீர் டிடிஎஸ் 1000 என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. கால் லிட்டர் நுண்துளியாகப் பறந்து காய்ந்தால், 28 கன மீட்டரில் கன மீட்டருக்கு 8,900 மைக்ரோகிராம். அதில் நூறில் ஒரு பங்கு மிதந்தாலே 89. நம் நாட்டின் ஒருநாள் பிஎம் 2.5 வரம்பு 60. கடலோர வீடுகளில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதும், அலைக்குமிழி உடைந்து பறக்கும் இந்த உப்பால்தான். அண்ணா, உங்கள் கேனில் எந்தத் தண்ணீர்?

எர்ணாவூரான் | 11.50

போர் தண்ணீர்தான். மூடிகளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது. நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கிறது.

பட்டறைக்காரர் | 11.56

எங்கள் பூத்திலும் தண்ணீர்த் திரைக்குப் பின்னால் தகடுகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள், தெறிக்கும் துளியை வாங்க. தம்பி அதை வைக்கவில்லை போல. நான் வெட்டித் தருகிறேன்.

எர்ணாவூரான் | ஞாயிறு 12.20

சிஸ்டர், அம்மா அறையிலிருந்து கேனை இப்போதே தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டேன். தண்ணீரைக் கொட்டிவிட்டேன். இனி தினமும் மாற்றி, ராத்திரி காயவைப்பேன்.

மணலி சார், வாயுவுக்குத் தண்ணீர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நுண்துகளுக்கு ஆகாது என்பதை அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கொசுவத்திச் சுருள் ஒன்றைக் கூடத்தில் அரை மணி நேரம் எரித்துவிட்டு அளக்கிறேன். போதுமா?

மணலி ஷிப்ட் | 12.31

மூன்று முறை அளக்க வேண்டும். கருவியே இல்லாமல் ஒன்று. மூடியும் ப்ளோயரும் மட்டும், தண்ணீர் இல்லாமல் ஒன்று. தண்ணீரோடு ஒன்று. ஜன்னல் மூன்று தடவையும் ஒரே மாதிரி மூடியிருக்கட்டும். சென்சாரைக் கேன் வாயருகே வைக்காதீர்கள், லேசர் சென்சார் ஈரத் துளியையும் தூசி என்றே எண்ணும். கூடத்தின் எதிர்மூலையில் வையுங்கள். தண்ணீரோடு அளந்த எண் மற்ற இரண்டையும்விட நன்றாக இறங்கினால், நான் எர்ணாவூருக்கு வந்து நேரில் பார்க்கிறேன்.

எர்ணாவூரான் | 12.36

சரி சார். மூடிகளை இப்போதே மொட்டைமாடியில் பரப்பிவிட்டேன். நாளை மதியத்துக்குள் காய்ந்துவிடும், தண்ணீர் இல்லாத சுற்றை முதலில் முடிக்கிறேன்.